பெயர் வரும் காட்சி

“இந்தக் கதவைத் திறந்தாத்தாம்மா திரும்பும்,” என்றார் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர்.

வாசலிலிருந்து வரும் நடை, கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் அப்பா மாட்டிக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி, ஆனால் நெட்டை. அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, தூக்கி வந்தவர்கள் இடதுபக்கம் இருந்த வேலையறைக் கதவைக் காட்டினார்கள். அதைத் திறந்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டுத்தான் திருப்ப வேண்டும்.

“ஒரு நிமிஷம். நான் முதல்ல பாத்துட்டு வரேன்,” என்றாள் மகள்.

அந்தக் கதவை நினைத்த மாத்திரத்தில் யாரும் திறந்துவிட முடியாது. அப்பாவும் அவருடைய அக்காவும் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்த அறை அது. பொம்மையின் கையை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு ஃபோட்டோ, அது ஒரு ஃபிரேம்; இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு ஃபிரேம். நடுவில் மேஜை ஆடினால் எல்லாம் போச்சு. அதனால் அந்த வீட்டில் யாரும் அதிர்ந்து நடந்ததே இல்லை. ஒன்பது வயதில் ஒருநாள் மகள் அந்தக் கதவை ஓங்கிச் சாத்தினாள். இரண்டு நாள் வேலை பாழ். அப்பா திட்டவில்லை, அன்றிலிருந்து அவளை ‘டமால்’ என்று கூப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது, கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறாள். பெயர் மட்டும் போகவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாலு நாள் முன்னால் அப்பா அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் யாரும் எதையும் அணைக்கவில்லை. இன்று உயிரில்லாமல் திரும்பி வந்திருக்கிறார்.

மேஜையில் பொம்மை எதுவும் இல்லை. கறுப்புத் துணிமேல், எண்ணெய் கலந்த, எத்தனை நாளானாலும் காயாத சிவப்புக் களிமண்ணில் நான்கு எழுத்துகள் மட்டும் இருந்தன. அத்தையின் பெயர். நான்கும் இடுப்பொடிந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. மூன்றாவது எழுத்தில் அப்பாவின் மரக்கத்தி குத்தியபடி நின்றது.

கம்ப்யூட்டர் திரையின் அடியில் எடுத்த ஃபிரேம்கள் சிறுசிறு கட்டங்களாக வரிசையில் தெரிந்தன. முதல் கட்டத்தில் பெயர் முழுசாக நிமிர்ந்து நின்றது. போகப் போக நசுங்கியது. மொத்தம் நாற்பத்தொன்று.

அடப்பாவி அப்பா, என்று நினைத்தாள். கடைசி நாளிலுமா?

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய முதல் முழுநீளப் படத்தை அரங்கில் போட்டபோது, திரை முழுக்க ‘படம்’ என்று போட்டு அப்பாவின் பெயர் வந்தது. பொம்மைகளுக்குக் கம்பியில் எலும்பு முறுக்கி, துணி தைத்து, முகம் செதுக்கிய அத்தையின் பெயர் கடைசியில் நன்றிப் பட்டியலில் வந்தது, மின்விசிறி ரிப்பேர் செய்தவருக்கு அடுத்து. அத்தை அரங்கில் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

“நீ செஞ்சது பொம்மைக்கா. அது பாட்டுக்கு மேஜையில படுத்துக் கெடந்துச்சு. அதை எழுப்பி நடக்க வச்சது யாரு?” என்றார் அப்பா.

“நடக்கிறதுக்கு முட்டி வச்சது யாருடா?”

ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு இரண்டாவது படம் தொடங்கி, அப்பா தானே செய்த பொம்மை கால் மடக்க முடியாமல் முழித்தபோது, அத்தை ஒரு பை நிறைய முட்டிகளோடு வந்து சேர்ந்தாள். ஆறு வருஷம் வேலை நடந்தது. பெயர்ப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், எல்லாக் காட்சியும் முடிந்த அன்று, அத்தைதான் வாய்விட்டுக் கேட்டாள். “இந்தத் தடவை பேரு எப்படி வருது?”

“வரும்போது பாரு,” என்றார் அப்பா.

அத்தை பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். இன்று வந்திருக்கிறாள். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால், தம்பியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படப்போவது மேஜைதான்.

“அம்மா, கை வலிக்குது,” என்று வெளியே தூக்கி வந்தவரின் குரல் கேட்டது.

டமால் யோசிக்கவில்லை. மரக்கத்தியைப் பிடுங்கினாள். நான்கு எழுத்தையும் ஒரே வாரில் அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கி அமுக்கி, பேன்ட் பையில் போட்டுக்கொண்டாள். திரையை அணைத்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

அப்பா தன் வேலையறைக்குள் தலையை மட்டும் நீட்டிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் பழகியவர்கள் வழக்கம்போல நுனிக்காலில் நடந்தார்கள். புதிதாக வந்தவர்கள் அது துக்கத்துக்கான நடை என்று நினைத்துத் தாங்களும் அப்படியே நடந்தார்கள்.

பட விழா நடத்தும் ஒருவர் பெரிய மாலையோடு வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “எப்பேர்ப்பட்ட கலைஞர்! ஒத்தை ஆளா நின்னு எடுத்தாரே, அதைச் சொல்லணும்,” என்றார். அத்தை தலையாட்டினாள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டமாலுக்கு அப்போது வந்த கோபம், செத்துக் கிடக்கிற மனுஷர்மேல் யாருக்கும் வரக் கூடாத கோபம். அடுத்த நிமிஷமே அப்பாவின் விரல் நகங்களில் சிவப்புக் களிமண் இன்னும் ஒட்டியிருந்ததைப் பார்த்து, சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதாள்.

மூன்று மணிக்கு அத்தை அவளைத் தேடி அடுப்படிக்கு வந்தாள்.

“டமாலு, ஒண்ணு கேக்கறேன். இந்த நேரத்துல கேக்கறாளேன்னு நெனைக்காதே.” பேசியபடியே கழுவிய தம்ளர்களைத் திரும்பவும் கழுவினாள். “பேரு போட்டுட்டானா?”

“தெரியல அத்தை.”

“அறையில ஒண்ணும் இல்லியா?”

“இல்ல.”

“லைட்டு எரியுதே. வேலை இல்லாம லைட்டு போட மாட்டான் அவன்.”

டமாலின் கை தானாகப் பேன்ட் பைக்குப் போயிற்று. முப்பது வருஷமாகக் களிமண்ணோடு புழங்கியவளுக்கு அது போதும். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். விரல்களுக்கு நடுவே சிவப்பு பிதுங்கியது.

“என்னடி இது?”

“உங்க பேரு.” அதற்குமேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. “அப்பா அதை உடைச்சிட்டிருந்தாரு அத்தை. முழுசா இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா நசுக்கி, ஒவ்வொண்ணா ஃபோட்டோ எடுத்து வச்சிருக்காரு. நீங்க பாக்க வேணாம்னுதான் நான்...”

அத்தை கையை விட்டாள். நேரே வேலையறைக்கு நடந்தாள். டமால் பின்னாலேயே போனாள்.

அத்தை திரையைப் போட்டு, முதல் ஃபிரேமிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். பெயர் நின்றது, தளர்ந்தது, சரிந்தது. நாற்பத்தொன்றில் நின்றுபோனது. டமால் தரையைப் பார்த்தாள்.

பிறகு அத்தை வேறொரு விசையை அழுத்தினாள். படம் கடைசியிலிருந்து முன்னுக்கு ஓடியது. சரிந்து கிடந்த நான்கு எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு எழுந்தன. முதுகை நிமிர்த்தின. மூன்றரை நொடிதான். முழுப் பெயரும் நேராக நின்றது.

“களிமண் உருண்டை எழுத்தா மாறுற மாதிரி நேரா எடுத்தா கோணிக்கும்,” என்றாள் அத்தை. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “முதல்ல அழகா செஞ்சு வச்சுக்கணும். அப்புறம் உடைச்சுக்கிட்டே எடுக்கணும். ஓட்டும்போது திருப்பி ஓட்டணும். எப்பவும் அப்படித்தான் எடுப்போம்.”

இன்னும் கொஞ்சம் நசுக்கி உருண்டையாக்க வேண்டிய வேலைதான் அப்பாவுக்கு மிச்சம் இருந்தது. அதைத்தான் அவள் ஒரு கைப்பிடியில் முடித்துவிட்டாள். ஒன்பது வயதில் செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறாள், இந்தத் தடவை திரும்ப எடுக்க ஆள் இல்லை.

“அத்தை, நான் ஒரு மண்டு...”

அத்தை அவள் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. திரைக்குக் கிட்டத்தில் குனிந்திருந்தாள். எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை நின்றிருந்தது. அதில் வெள்ளையில் சின்னதாக ஒரு சொல் எழுதியிருந்தது. காலையில் டமால் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

‘படம்’ என்று இருந்தது. அதன் கீழே அத்தையின் பெயர். அதற்கும் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தது.

அத்தை அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அந்த அறையில் அழுதாலும் மேஜை ஆடாமல்தான் அழ வேண்டும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல,” என்றாள் கடைசியில். “வரும்போது பாருன்னானே. படுபாவி.”

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “கொடு.”

டமால் உருண்டையைக் கொடுத்தாள். அத்தை அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அஞ்சு விரலும் ஆழமாகப் பதிந்திருந்தது.

“நான் மறுபடி உருட்டித் தரட்டுமா அத்தை?”

“வேணாம். இப்படியே இருக்கட்டும். இதுலேருந்து ஆரம்பிக்கும். நடுவுல கொஞ்சம் ஃபிரேம் இல்ல, அந்த எடத்துல ஒரு துள்ளு துள்ளும்.” உருண்டையைத் துணிமேல் வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். “துள்ளட்டும். உன் கையும் இதுல இருக்கு. உன் பேரையும் போடச் சொல்லிச் சண்டைக்கு வராதே.”

டமால் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “அப்பா பேரு?”

மேஜைக்கு அடியிலிருந்த டப்பாவில் ஒரு கட்டி களிமண் பிரிக்காமல் இருந்தது. அத்தை அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அதை நான்தான் செய்யணும். முழுசா செஞ்சு நிக்க வச்சு...” நிறுத்தினாள். கட்டியைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினாள். “இன்னிக்கு வேணாம்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்குகிறவர்கள் கூடத்துக்குள் வந்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ உரக்க அழுதார்கள்.

“ஒரே ஒரு ஃபிரேம்,” என்றாள் அத்தை. “அம்மாகிட்ட சொல்லு.”

டமால் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். சொல்லவே தேவையிருக்கவில்லை. அறை வெளிச்சத்தையும் அவள் முகத்தையும் பார்த்ததுமே அம்மா கையை உயர்த்திவிட்டாள்.

“யாரும் நடக்காதீங்க,” என்றாள் அம்மா, முப்பது வருஷமாகச் சொல்லிவந்த அதே குரலில். “உள்ள எடுக்கறாங்க.”

எல்லோரும் நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். பட விழாக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அவர்களுக்கு நடுவில் அப்பா படுத்திருந்தார்.

கேமரா ஒரு தரம் கிளிக் என்றது.

“ஆச்சு,” என்றாள் அத்தை. “கதவைத் திற. அவன் திரும்பணும்.”

மறுபடியும் அப்பாவின் தலை வேலையறைக்குள் வந்தது. அத்தை விளக்கை அணைக்காமல், மேஜை ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். தூக்குகிறவர்களின் நடையில் தரை அதிர்ந்தது, மேஜை ஆடியது, சிவப்பு உருண்டை லேசாக உருண்டு நின்றது.

எல்லோரும் வாசலுக்குப் போகும்வரை டமால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை கடைசியாக வெளியே வந்தாள். டமால் கைப்பிடியை முழுக்கத் திருப்பி, கதவை நிலையோடு பொருத்தி, பிறகு மெல்ல விட்டாள். நடையின் மறுமுனையில் அம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.