தண்டனைப் பதில்

நோன்பு நாளில் வாயைக் கட்டிவிடலாம், ரொஸ்டியின் விரல்களை யார் கட்டுவது? பெருநாளுக்கு முந்தைய மதியம். ஊர் திரும்புகிறவர்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் இருந்தார்கள், அவர்களுடைய சந்தேகங்கள் எல்லாம் இவருடைய கைப்பேசியில் இருந்தன. பழைய மாடல் கார்காரர்களின் ஃபேஸ்புக் குழுவுக்கு இவர்தான் அட்மின்; சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஆயில் எங்கே ஊற்றுவது, டயருக்கு எவ்வளவு காற்று, சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டலாமா. எல்லாவற்றுக்கும் விடை எழுதிக் குழுவின் உச்சியிலேயே வைத்திருக்கிறார். எவன் படிக்கிறான்? கார் வாங்கத் தெரிகிறது, நாலு வரி படிக்கத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே தண்டனைப் பதில் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். வேண்டுமென்றே கோணல் யோசனை சொல்வார், மற்றவர்கள் சிரித்துத் தள்ளுவார்கள்.

சமையலறையில் மனைவி ஹஸ்னா பெருநாள் கெத்துபாட் சோற்றுப் பொதிக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"உங்க மக சுரயா கிளம்பிட்டா. வந்ததும் வண்டியப் பத்தி வாயைத் திறக்காதீங்க."

"நான் என்ன சொல்லிட்டேன் அவள?"

"போன பெருநாளைக்கு, ஆயில் மூடி எதுன்னு கேட்டதுக்கு, விருந்தாளிங்க முன்னாடி மண்டுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வரா."

அவர் கைப்பேசிக்குத் திரும்பினார். திரையில் புதுக் கேள்வி வந்திருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூனைக்காரி என்று இருந்தது.

"சிஃபு, ஒரு சந்தேகம். வெப்ப முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு, முன்னாடி ஆவி வருது. என்ன பண்ணணும்?"

விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அங்கே சிஃபுதான். ரொஸ்டிக்கு எரிச்சல் தலைக்கேறியது. "உடனே ரேடியேட்டர் மூடியத் திறந்து ஐஸ் தண்ணி ஊத்துங்க தங்கச்சி. மிச்சமிருந்தா எனக்கு வைங்க, நோன்பு திறக்க." சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"சரி சிஃபு. பாட்டில்ல தண்ணி இருக்கு."

நம்பிவிட்டதே இந்த ஜென்மம் என்று, கேள்வியோடு அவள் போட்டிருந்த படத்தைத் திறந்தார். கியர் கம்பிக்கு நீலக் கம்பளி உறை. ஹஸ்னா பின்னியது. அவர் ஓட்டிப் பழகி மகளுக்குக் கொடுத்த வண்டி.

சுரயாவைக் கூப்பிட்டார். துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டார். மறுபடி துண்டித்தாள். ஹஸ்னாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால், அதை எழுதியது யார் என்றும் சொல்ல வேண்டும். பழைய பதிலை அழித்துவிட்டுத் தட்டினார்: "திறக்காதீங்க. கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். தள்ளி நில்லுங்க."

பதில் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடி சுட்டுச்சு, துணி எடுக்கப் போனேன். நீங்கதானே திறக்கச் சொன்னீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னேன். தப்புதான். மன்னிச்சிருங்க."

"பரவால்ல சிஃபு. எங்கப்பாவா இருந்தா இன்னும் திட்டிட்டிருப்பாரு. நடுவுல அவர் வேற கூப்பிட்டாரு, பயத்துல கட் பண்ணிட்டேன். எவ்வளவு நேரம் ஆறவிடணும்?"

குழுவின் உச்சியில், முதல் வரியிலேயே இருக்கிறது அது.

"யாருங்க போன்ல?" என்றாள் ஹஸ்னா.

"குழுவுல யாரோ ஒரு பொண்ணு."

மகளே என்று தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். "ஒரு மணி நேரமாவது ஆகட்டும் தங்கச்சி. நிழல்ல நில்லுங்க," என்று எழுதி அனுப்பினார்.