மொட்டைகளுக்கு அரிசி போட்டவள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் திருத்தணி மலையில் மொட்டையடித்துக்கொண்டு, மஞ்சள் வேட்டியோடு இறங்கியபோது, பர்மாக்காரப் பெண்ணொருத்தி என்னைப் பார்த்துக் கைகூப்பி ஒதுங்கி நின்றாள். என் வீட்டிலேயே எனக்கு அந்த மரியாதை கிடையாது. இந்தக் கதை அங்கே பிறந்தது. மற்றதெல்லாம் என் சரக்கு.

2
1942, ஆடி மாதம். மலையடிவாரத்தில் வெயில்...

(வேண்டாம். வெயிலை விட்டால் எனக்கு வேறு ஆரம்பமே வராதா?)

மலையடிவாரத்தில் இட்லிக்கடை வைத்திருந்த எல்லம்மாளுக்கு, ரங்கூனுக்குப் போன தம்பி கண்ணையன் ஒருவன்தான் சொந்தம். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அவனும் அவன் பர்மியப் பெண்டாட்டி மா சேனும் ஊரை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே அவன் காய்ச்சலில் போய்விட்டான். அவள் மட்டும் விலாசக் காகிதத்தோடு வந்து சேர்ந்தாள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல்.

"கிருத்திகை முடியட்டும். அகதி முகாமுக்கு ரயில் ஏத்திடறேன்" என்றாள் எல்லம்மாள்.

3
கிருத்திகையன்று கடையில் கூட்டம் தாங்கவில்லை. அரிசிப் பானையைக் காணோமே என்று எல்லம்மாள் வெளியே வந்தால், மா சேன் வாசலில் மண்டியிட்டு, மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மொட்டைத் தலைக்கும் ஒரு பிடி அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர், "நாங்க பிச்சைக்காரங்க இல்லீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே துண்டை விரித்தார். இன்னொருவர் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னாடி பண்ணிகினு கீற? ஊரே அரிசி இல்லாம அலையுது! நாளைக்கே ரயிலு உனக்கு!"

எதிர்க்கடை வளையல் வியாபாரி நஜீர் அகமது ரங்கூனில் பத்து வருஷம் இருந்தவர். மா சேனிடம் அவள் பாஷையில் கேட்டுவிட்டு வந்தார்.

"அவங்க ஊர்ல மொட்டை போட்டுகினு மஞ்சத்துணி கட்டினா துறவிங்கம்மா. அவங்களுக்கு அரிசி போட்டா செத்தவங்களுக்குப் புண்ணியமாம். உங்க தம்பி பேரைச் சொல்லித்தான் போட்டுகினு இருக்குது."

4
'எல்லம்மாள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு...'

(சினிமாவில் அப்படித்தான் வரும். என் எல்லம்மாள் கட்டிக்கொள்கிற ஜாதி இல்லை. பேனா நகரவில்லை.)

வருஷத்திலேயே நல்ல வியாபார நாளில் அவள் கடையைச் சாத்தினாள். மலையேறி நாவிதர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னா வேண்டுதல்மா?"

"தம்பி திரும்பி வந்தா முடி குடுக்கறேன்னு."

"வந்துட்டாரா?"

"அவன் பொண்டாட்டி வந்துட்டா. நீ வழி."

இப்படி ஒருத்தியை நான் படைத்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு மனசு கிடையாது.

5
இப்போது எல்லம்மாள், தலையில் சந்தனத்தோடு, தன் கடை வாசலிலேயே முந்தானையை விரித்து நிற்கிறாள். "எனக்கும் ஒரு பிடி போடு" என்கிறாள்.

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்துவிட்டேன். மா சேன் அடையாளம் தெரியாமல் மண்டியிட்டாளா, நாத்தனாரின் மொட்டையைப் பார்த்துச் சிரித்தாளா, சிரிக்கும்போதே அழுதாளா, எல்லாம் உங்கள் இஷ்டம். ரயிலில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். எல்லம்மாள் விடமாட்டாள்.