முப்பத்தெட்டு வைரமும் மூன்று நாளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சாண் நூலிலிருந்து வந்தது. எண்பத்தேழாம் வருடம் மலையேறும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் வெள்ளை நூலைச் சுற்றி, உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்து, முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தார். கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. யார் என்று கண்டக்டர் லட்சுமணனைக் கேட்டேன். "ஆஸ்பத்திரி நர்சம்மாங்க," என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையில் மஞ்சு இறங்கிய மாலைப் பொழுதொன்றில், சுந்தரம்மாள் என்னும் செவிலி—"

வேண்டாம். மஞ்சைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: "சுந்தரம்மாளுக்கு வைரம் வேண்டும்." இது பரவாயில்லை.

2

சுந்தரம்மாளுக்கு வைரம் வேண்டும். பிரசவம் பார்க்கிற கையில் எதுவும் கிடக்கக் கூடாது என்று முப்பது வருடம் வெறுங்கையோடு இருந்தவள். (பஸ்ஸில் 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்'. எங்கள் தொழிலின் திமிர் இது.) அடுத்த மாதம் ரிட்டையர்மென்ட். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒரு பாரா எழுதினேன். அழுமூஞ்சியாக வந்தது, கிழித்துவிட்டேன். ஆயுசில் ஒன்றாவது தனக்கென்று வாங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

வாணியம்பாடி நகைத் தரகர் சத்தாரின் மனைவி சலீமாவுக்குத் தலைப்பிரசவம் பார்த்தது அவள்தான். அந்த மரியாதைக்கு சத்தாரே மலையேறி வந்து, அவள் வீட்டு மேசைமேல் மூன்று பொட்டலத்தைப் பிரித்தார். மூன்றும் ஒற்றை வரிசை வைரம்.

"இதுக்குப் பேரு டென்னிஸ் பிரேஸ்லெட்டுங்க."

"பந்தாடுறவங்க போடுறதா?"

"சீமையில யாரோ ஒரு அம்மா ஆடும்போது அறுந்து வுழுந்துச்சாம். ஆட்டத்த நிறுத்திட்டுத் தேடினாங்களாம்."

"கெடச்சுதா?"

"அது தெரியலீங்க."

முதலாவதில் கல் பெரிசு. ஆனால் ஜன்னலோரம் கொண்டுபோனால் இரண்டு கல் மஞ்சளடித்தது. இரண்டாவதில் கொக்கி தளர்ந்திருந்தது. மூன்றாவதில் முப்பத்தெட்டுப் பொடிக்கல், எல்லாம் ஒரே நிறம், கொக்கிக்கு மேல் இன்னொரு பிடிப்பு. மணிக்கட்டை அளந்து வைத்திருந்த நூலோடு வைத்துப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், "இது," என்றாள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

3

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். அதற்குள் கலசப்பாக்கத்திலிருந்து தம்பி சின்னராசு வந்துவிட்டான்.

"வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதுக்கா. மூணு நாள் வூட்ல வெச்சுப் பாரு. ஒரு கெட்டது நடந்தாலும் திருப்பிக் குடுத்துடு."

சத்தாருக்கு இது புதிதில்லை. வைரம் வாங்குகிற பாதிப் பேர் கேட்பதுதான். மூன்றாம் நாள் பொழுது சாயும்வரை கெடு கொடுத்துவிட்டுப் போனார்.

(சின்னராசுவை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், அவ்வளவுதான்.)

இப்போது என் பாட்டைப் பாருங்கள். கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும். நடந்தால் பிரேஸ்லெட் போய்விடும். இப்படி ஒரு சிக்கலில் நான் மாட்டியதே இல்லை.

முதல் நாள், கை சும்மா இருக்காமல், ஒரு கோழி காணாமல் போனதாக எழுதிவிட்டேன். அந்த வரியை அடிப்பதற்குள் சின்னராசு பார்த்துவிட்டான். "கோழி இன்னாச்சுக்கா?" அவசர அவசரமாகச் சாயங்காலமே கோழியைத் திரும்ப வரவழைத்தேன்.

இரண்டாம் நாள் மழை. சாமைக்கு நல்லது. ஆனால் பஸ் வரவில்லை. இது நல்லதா கெட்டதா? சின்னராசுவுக்குக் குழப்பம், சுந்தரம்மாளுக்குக் குழப்பம், எனக்கு இரண்டு பேரையும்விட. தம்ளர் கீழே விழுந்தால் அவள் கையைப் பார்த்தாள். தும்மினால் கையைப் பார்த்தாள். நான்கு தடவை கழற்றினாள், ஐந்து தடவை போட்டாள்.

"ஒரு கல்லுன்னா ஒத்துக்கலன்னு சொல்லலாம். முப்பத்தெட்டு இருக்குதே, எதுடா கெட்ட கல்லு?"

சின்னராசு குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தான். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

4

மூன்றாம் நாள் மத்தியானம். பஸ் விட்டிருந்தார்கள். சத்தார் வந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் மூன்று மணி நேரம் எதுவும் எழுதாமல் இருந்தால் போதும் என்று நான் பேனாவை மூடிவிட்டேன்.

அப்போது வாசலில் சடையன் வந்து நின்றான். மலைக்கு இன்னும் மேலே இருக்கிற மேலூரிலிருந்து ஓடி வந்திருக்கிறான். (சத்தியமாக நான் அனுப்பவில்லை.)

"நர்சம்மா, வூட்ல எம் பொஞ்சாதிக்கு விடிகாலையிலருந்து வலி. புள்ளையோட காலுதான் முன்ன தெரியுதுங்க."

நேற்று நான் எழுதிய மழை ஜீப் போகும் பாதையை அரித்திருந்தது. தூக்கி வரவும் வழியில்லை, அவள்தான் நடந்து போக வேண்டும். சுந்தரம்மாள் பையை எடுத்தாள்.

சின்னராசு குறுக்கே வந்தான். "அக்கா, அத சத்தார் பாய் கையில குடுத்துட்டுப் போ. பொழுது இன்னும் சாயல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..."

அவள் நின்றாள்.

"முப்பது வருஷத்துல என் கையில ஒம்போது புள்ளைங்க செத்துச்சு சின்னராசு. அப்பல்லாம் இந்தக் கையில இன்னா இருந்துச்சு?"

சடையன் தரையைப் பார்த்தான்.

வேலைக்குப் போகிற கை. கொக்கியை விடுவித்துக் கழற்றினாள். சத்தார் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் தம்பியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினாள்.

"என்னுது. பத்திரமா வெச்சிரு." சத்தாரிடம் திரும்பி, "வாங்கிட்டேன் பாய்," என்றாள். சடையனுக்கு முன்னால் அவள்தான் படியிறங்கினாள்.

5

நானும் கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஒரு பிரதியில் பிள்ளை அழுதது. படித்த நண்பர், "பார்த்தீரா, ராசியான கல்," என்றார். இன்னொன்றில் அழவில்லை. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. எதை எழுதினாலும், கையில் என்ன இருந்தது என்று அந்த அம்மா கேட்ட கேள்வி வீணாகப் போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தது, கெடு முடிந்தது. "பெட்டியில வைங்க," என்றார் சத்தார். சின்னராசு மூடிய கையைத் திறக்கவே இல்லை. அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று—

தெரியாது. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலூரில் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எதை எழுதினாலும், சுந்தரம்மாள் அந்தச் சேற்றில் இறங்கி வருவாள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தம்பியின் முன்னால் நீட்டுவாள். மேலே நடந்தது என்ன என்று கேட்காமலே அவன் அதைப் போட்டுவிட வேண்டும். அந்த ஒரு வரியை நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். நாலு தடவையும் சின்னராசு வாயைத் திறந்து கேட்டுவிடுகிறான்.