மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள்

பிரசவ வார்டில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். பெயரைச் சொல்லி மானத்தை வாங்கினால் அடுத்த பிரசவத்துக்கு என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இப்போதே அந்த யோசனையில்தான் இருக்கிறார்கள்.

வேலை பார்க்கும் இடத்திலேயே பிள்ளை பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தது நான்தான். விராலிமலையில் டயர் கடை வைத்திருக்கும் என் கணவர், திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருந்தார். "அங்கிட்டுப் போனா நம்மள யாருக்குங்க தெரியும்" என்று மறுத்துவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. வெளி ஆஸ்பத்திரி என்றால் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இங்கே அதிகாரம் பண்ணலாம்.

பண்ணினேன். காலையில் வலியோடு உள்ளே போனதும் முதலில் படுக்கை விரிப்பைக் குறை சொன்னேன். அடுத்து டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தை. என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிரகதாம்பாள் தலையில் விழுந்தது. என்னைவிட ஜூனியர், நல்ல கைக்காரி. அன்று முழுக்க "சரிக்கா" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். துணைக்கு என் மாமியார் பொன்னுத்தாய் இருந்தார். பொன்னமராவதிப் பக்கம் கடலைக் காட்டையும் அதில் வேலை செய்கிறவர்களையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவர். என்னைச் சமாளிக்க அவராலும் முடியவில்லை.

வளையலைக் கழற்றிவிட்டுத்தான் பிரசவ வார்டுக்குள் வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். கண்ணாடி உடைந்தால் கையைக் கிழிக்கும், கை வீங்கினால் கழற்ற முடியாது என்று ஒவ்வொருத்தியிடமும் பிரசங்கம் செய்வது நான். வளைகாப்பில் போட்டதைப் பிள்ளை பிறக்கும் முன்னால் கழற்றக் கூடாது என்று வீட்டார் கெஞ்சுவார்கள். ஒருநாளும் நான் இரங்கியதில்லை. அப்படிப்பட்ட நான் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு படுத்திருந்தேன். மாமியார் கழற்றாதே என்றார், நானும் பேசாமல் கேட்டுக்கொண்டேன். மாமியார் மேல் இருந்த பக்தியால் அல்ல. கைக்கு எடுப்பாக இருந்தது.

வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று வலியை அளக்கும். இன்னொன்றில் இருக்கும் வட்டக் கருவி குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கும். மெஷின் அதைத் திரையில் எண்ணாகக் காட்டும், காகிதத்தில் கோடாக இழுக்கும், சத்தமாகவும் கேட்க வைக்கும். "மெஷினப் பாக்காதீங்க, அத நாங்க பாத்துக்கிறோம், நீங்க மூச்ச இழுத்து விடுங்க" என்று எத்தனையோ பெண்களை அடக்கிய வாய் இது. அன்றைக்கு நான் மூச்சு விட்டதைவிட மெஷினைப் பார்த்ததுதான் அதிகம்.

திடீரென்று சத்தம் நின்றது. "துடிப்பு போச்சு, டாக்டரக் கூப்புடு" என்று கத்தினேன். டாக்டர் சேதுலட்சுமி வெளிநோயாளிகள் வரிசையைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். காகிதத்தில் இழுக்கும் கோட்டைப் பார்க்க நான் எக்கியதில் பெல்ட் நழுவியிருந்தது. கருவியை நானே வாங்கிச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டு, "இது நான் பாத்து வச்ச எடம். யாரும் தொடக் கூடாது" என்று பிரகதாம்பாளுக்கு உத்தரவும் போட்டேன்.

அடுத்து கோடு பாதியில் நின்றது. மறுபடியும் கத்தினேன், மறுபடியும் டாக்டர் வந்தார். காகிதம் தீர்ந்திருந்தது. "ரஞ்சிதா, ரோல் மாத்துறது எனக்குத் தெரியாது, ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை நான் அலறியது பக்கத்துக் கட்டில் மெஷின் கூவியதற்காக. அந்தக் கட்டிலில் இருந்த பெண் என் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கக்கா, எம்புள்ள நல்லாத்தான் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகு பிரகதாம்பாள் என் மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குச் சத்தம் மட்டும் மிச்சம்.

மதியத்துக்கு மேல் வலி நெருங்கி வந்தது. கர்ப்பவாய் முழுதாகத் திறந்துவிட்டது, இனி முக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் வாயை அடைக்க பிரகதாம்பாள் எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தி இருபத்தெட்டுக்கா. சூப்பரா இருக்கு."

வலி வந்தது. முக்கினேன்.

"நூத்தி நாப்பத்தஞ்சுக்கா. பாப்பா குஷியா இருக்கு பாருங்க."

வலி போனது. எண்ணும் இறங்கியது. அடுத்த வலி வந்தது, எண்ணும் கூடவே ஏறியது. அந்த வலியிலும் எனக்கு ஏதோ இடித்தது. முக்கும்போது குழந்தையின் துடிப்பு இறங்கிப் பார்த்திருக்கிறேன், மாறாமல் இருந்தும் பார்த்திருக்கிறேன். தப்பாமல் ஒவ்வொரு வலிக்கும் ஏறி இறங்குவது முக்குகிறவளுடைய துடிப்பு. கண்ணை மூடிக் கேட்டேன். மெஷின் சத்தமும் என் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த சத்தமும் ஒன்றாகப் போயின.

"பிரகதா, அது பாப்பா இல்ல. நான்" என்றேன்.

"சரிக்கா. நல்லா மூச்ச இழுத்து விடுங்க."

"என் நாடியப் புடிச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேளு."

அவள் வலது கையைப் பிடித்தாள். வீங்கிய கையில் வளையல் அடுக்கு விலகவே இல்லை. விரலில் மாட்டி நாடி பார்க்கும் கிளிப்பை யாரோ பக்கத்து வார்டுக்குக் கொண்டு போயிருந்தார்கள். கழுத்தில் பார் என்று நான் சொல்லியிருக்கலாம். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

"வளையல் தடுக்குதுக்கா. கிராஃப் நல்லாத்தான் இருக்கு, நம்புங்க" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று தடவை ஏமாந்தவள் வேறு என்ன செய்வாள்?

மாமியார்தான் எழுந்து வந்தார். துடிப்புப் பார்க்கும் கருவியில் தடவுகிற ஜெல்லை எடுத்து என் கையில் கொட்டினார். வளையலை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார்.

"அத்தை, கழட்டக் கூடாதுன்னீங்க" என்றேன்.

"பேசாம இரு ஆத்தா." பிறகு பிரகதாம்பாளிடம் திரும்பினார். "காலையிலேர்ந்து இவ கத்துனப்பெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பக் கத்தாமச் சொல்றா தாயி. கையப் புடிச்சுப் பாரு."

பிரகதாம்பாள் மணிக்கட்டில் விரலை வைத்தாள். காதை மெஷின் பக்கம் சாய்த்தாள். இந்தத் தடவை அவள் சரிக்கா என்று சொல்லவில்லை.

பெல்ட்டை அவிழ்த்து, கருவியை அடிவயிற்றின் கீழ்ப்பக்கம் நகர்த்தினாள். தலை இறங்க இறங்க அந்தக் கருவியையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. நான் பார்த்து வைத்த இடத்தில், என் உத்தரவுப்படி, அது காலையிலிருந்து அசையாமல் இருந்திருக்கிறது.

இரண்டு இடம் தேடியபின் வேறொரு சத்தம் கேட்டது. நிதானமாக, விட்டு விட்டு வந்தது. எண்ணை அவள் படிக்கவில்லை. சுவர்ப் பக்கம் இருந்த மெஷினை அத்தை என் பக்கம் திருப்பினார். எண்பத்திரண்டு. நூற்றுப்பத்துக்குக் கீழே போகக் கூடாத எண் அது. எத்தனை நேரமாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது வலி தெரியவில்லை, பயம் மட்டும்தான் தெரிந்தது. செத்துப்போகிற பயம் அது. என் சாவைப் பற்றியது அல்ல.

பிரகதாம்பாள் கூப்பிட்ட குரலுக்கே டாக்டர் ஓடி வந்தார். என்னை இடது பக்கம் ஒருக்களித்தார்கள், வலி ஏற்றும் மருந்தை நிறுத்தினார்கள். துடிப்பு ஏறவில்லை. டாக்டர், பிள்ளையை இழுத்தெடுக்கும் வேக்குவம் கப்பைக் குழந்தையின் தலையில் பொருத்திவிட்டு, "அடுத்த வலிக்கு இருக்கிற தெம்பெல்லாம் போட்டு முக்குங்க ரஞ்சிதா. யோசனை வேணாம், முக்குங்க" என்றார். முதல்முறையாக மறுபேச்சுப் பேசாமல் சொன்னதைச் செய்தேன்.

குழந்தை வெளியே வந்தது. அழவில்லை. பக்கத்து மேஜையில் வைத்து பிரகதாம்பாள் முதுகைத் துணியால் தேய்த்தாள். அத்தை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அது அழுகையாக மாறியது. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணிய பிரகதாம்பாள், "நூத்தி நாப்பத்தாறு டாக்டர்" என்றாள்.

பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டி, ஆணா பெண்ணா என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பது வார்டு வழக்கம். பிற்பாடு குழந்தை மாறிவிட்டது என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. பிரகதாம்பாள் குழந்தையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்கக்கா. என்ன கொழந்தன்னு சொல்லுங்க."

"நூத்தி நாப்பத்தாறு" என்றேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

"நம்பரு இருக்கட்டும் ஆத்தா" என்றார் அத்தை. "மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். சப்பை மூக்கு, வேக்குவம் இழுத்ததில் உச்சியில் ஒரு புடைப்பு, என் மேல் கோபமோ என்று தோன்றும்படி சுருங்கிய நெற்றி. மாதக்கணக்காக அவள் துடிப்பை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளுக்கு ஒரு முகம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"பொண்ணு" என்றேன். அப்புறம் வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன். இந்தத் தடவை யாரும் என்னை அடக்கவில்லை.