பெயர் மாற்றிச் சொன்ன கதை

ஏழைகளுக்கு உதவ வருகிறவர்களுக்கு முதலில் அழுவதற்கு ஒரு கதை வேண்டும். வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன், மறைக்கவில்லை.

கரமனை ஆற்றோரத்தில் எங்கள் பிள்ளைக்கூடம் இருக்கிறது. பெயர்தான் கூடம், உண்மையில் தகரக் கூரை போட்ட வாடகைக் கொட்டகை. இந்த மலையாள ஊரில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிற நம் தமிழ் ஆட்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்துவிடுவார்கள். நானும் சுடலைமாடத்தியும் அவர்களுக்குப் பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த பயறும் கொடுத்து, தாய் தகப்பன் வரும்வரை பார்த்துக்கொள்வோம். சின்னதுகளுக்கு மலையாளம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் மகள் ஷிஜா. பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மழையில் ஆறு ஏறி, கொட்டகைக்குள் தண்ணீர் வந்து, ஒரு பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினோம். மேட்டில் ஓர் இடம் தர அதன் சொந்தக்காரர்கள் சம்மதித்தார்கள். அங்கே ஓர் அறை கட்டாமல் அடுத்த மழையைப் பார்க்கிற தைரியம் எங்களுக்கு இல்லை.

வழி சொன்னவர் மாளவிகா அக்கா. அக்ரஹாரத்துக்காரர், வங்கியில் வேலை. சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். நகரத்தில் ஓர் அறக்கட்டளை எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு வருஷாவருஷம் உதவித்தொகை கொடுக்கிறதாம். எழுத்து வேலை எல்லாம் அவரே பார்த்தார். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு வருகிற குழுக்கள் ஆண்டு விழா மேடையில் ஆளுக்கொரு அனுபவக்கதை சொல்ல வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டு, யாருக்கு என்று அன்றைக்கே தீர்மானிப்பார்கள்.

"ஒங்க கதையே போறும், முத்தாரம்மா," என்றார் அக்கா. "பேரை மாத்திச் சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போறது?"

என் கதை அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி யாரும் எனக்குச் செய்ததில்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது. புருஷன் விட்டுவிட்டுப் போனது, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தது, ஐந்து வயது ஷிஜா பஸ் ஏறுகிறவர்களிடம் கையேந்தி எனக்குச் சாயா வாங்கிக்கொண்டுவந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். பள்ளியில் ஷிஜாவின் அப்பா கல்ஃபில் இருக்கிறார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"எனக்க கதையச் சொல்லுங்க, அக்கா. பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை வரப்பிடாது," என்றேன்.

"வராது. ஒங்களைப் பத்தி மட்டும்தான்," என்றார்.

விழாவுக்கு ஷிஜாவும் வந்தாள். மலையாளத்தில் வரவேற்புச் சொல்ல அக்காதான் அவளைக் கேட்டிருந்தார். அவளுடைய பள்ளிக் கூட்டுக்காரி ஆதிராவும் இன்னும் இரண்டு பெண்களும் அதைப் பார்க்கவென்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஷிஜா அழகாகப் பேசிவிட்டு மேடை ஓரத்தில் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மாளவிகா மைக்கைப் பிடித்தார். நான் லட்சுமியானேன். லட்சுமி பஸ் ஸ்டாண்டில் படுத்தாள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "லட்சுமிக்கு ஒரு சின்ன மகள்," என்றார். கையேந்தியதைச் சொன்னார். சாயா வாங்கி வந்ததைச் சொன்னார். கீழே இருந்த ஓர் அம்மாள் பொன்கரைக் கசவுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆ குட்டி இப்போ எவிடெ?"

அந்தக் குழந்தை இப்போது எங்கே என்று. எங்கேயோ நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். மாளவிகாவின் கை ஷிஜாவின் பக்கம் நீண்டது.

அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஆதிரா மட்டும் உட்கார்ந்தபடி ஷிஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஜா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

"ஏட்டி, நமக்கு கெடச்சிட்டுட்டீ! கையத் தட்டு," என்று சுடலைமாடத்தி என் தொடையைக் கிள்ளினாள். நான் தட்டவில்லை.

வராந்தாவில் மாளவிகாவைப் பிடித்தேன்.

"மேடம், பிள்ளையச் சொல்லமாட்டேன்னு சொன்னியளே?"

மேடம் என்றதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அவா கேக்கறச்சே என்னையறியாம கை போயிடுத்து. அது இல்லேன்னா நமக்குக் கெடச்சிருக்காது, முத்தாரம்மா. அத்தனை பசங்களை நெனச்சுப் பாருங்கோ."

"எல்லாப் பிள்ளையளையும் நெனச்சிய. எனக்க பிள்ளைய மட்டும் விட்டுட்டிய."

அவள் கண் கலங்கியது. எனக்கு இரக்கமே வரவில்லை. கஞ்சி கொடுத்த கை என்று எத்தனை நாள் கும்பிட்டிருப்பேன்! வேண்டாம் என்று அந்தப் பணத்தை அவள் மூஞ்சியில் எறியலாம் என்றால், மழை வந்தால் அந்தச் சின்னதுகளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

பஸ்ஸில் ஷிஜா தனியாகப் போய் உட்கார்ந்தாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது நான் வழிநெடுக மாளவிகாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். நம்பவைத்துக் கழுத்தறுத்தவள், உறவு கொண்டாடித் துரோகம் செய்தவள், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். ஷிஜா வாசலில் நின்றாள்.

"அம்மா, நிறுத்து. ஆதிரா எனக்க பெஸ்ட் ஃபிரண்டு. அவ அவளுக்க வீட்டுச் சங்கடம் எல்லாம் என்கிட்ட பறைவா. எனக்கும் சொல்லணும்னு வாய் வரை வரும். உனக்குச் சத்தியம் பண்ணிட்டமேன்னு முழுங்கிருவேன். இந்நு வரை ஒருத்தர்ட்டயும் நான் சொல்லல்ல."

"நீ என்ன மக்ளே செய்வ? அவளல்லா..."

"மாளவிகா ஆண்டி எனக்குச் சத்தியம் ஒண்ணும் பண்ணித் தரல்லியே, அம்மா. அவங்களுக்கு இது ஆரு சொல்லித் தந்தா?"

மாளவிகாவுக்கென்று நான் வைத்திருந்த வார்த்தைகள் இன்னும் நிறைய இருந்தன. அவற்றை யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். ஷிஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.