வலப்பக்கம் நான்கு பந்துகள்

2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் லில்லெஸ்ட்ரோம் பக்கத்தில் இருந்த ஓர் அமெரிக்கக் கால்பந்துக் கழகம் ஆள் பற்றாமல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த பதினொரு விளையாட்டுக்காரரையும் ஒஸ்லோவைச் சுற்றியிருந்த மூன்று கழகங்களும் முறைவைத்துத் தெரிவுசெய்துகொள்ளலாம் என்று முடிவானது. போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. கடைசியாக வந்தது ரொம்மன் நரிகள்.

அந்தக் கழகத்தின் குவாட்டர்பாக் கவிசன். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை ஓடுவதுதான். பந்து பெரும்பாலும் கையால்தான் போகும். எறிகிறவன் குவாட்டர்பாக். பிடிக்கிறவர்களை றிசீவர் என்பார்கள். அவர்கள் இடம், வலம், நடு என்று பிரிந்து ஓட, எதிரணிக்காரன் வந்து தன்னை விழுத்துவதற்குள் யாருக்கு எறிவதென்று குவாட்டர்பாக் முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் மூன்று விநாடி. இருபது வயதுக் கவிசனுக்கு அந்த மூன்று விநாடிதான் உலகம்.

அவனுடைய அக்கா யதுர்ஷாவுக்கு விளையாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. தம்பியைக் காரில் ஏற்றி இறக்கப் போனவளிடம் யாரோ ஒருநாள் வீடியோக் கமராவைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எல்லா ஆட்டங்களையும் அவளே படம்பிடித்தாள். அவளுடைய உத்தியோகமும் ஏறக்குறைய அதேதான். வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்து, சந்திகளில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து, எத்தனை வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது என்று எண்ணுவாள்.

அதனால்தான் பயிற்சியாளர் டெர்யே திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை தெரிவு. போன வருடத்து எறிகளை எல்லாம் எண்ணித் தாருங்கள். உங்கள் தம்பி யூனாஸைக் கேட்கிறான். பேனாடை அணியிலிருந்து நிறுத்தச் சொல்கிறான். எனக்கு அவன் சொல் மட்டும் போதாது" என்றார் நோர்வேஜிய மொழியில்.

யூனாஸ் மூடப்பட்ட கழகத்தின் நெடுவல் றிசீவர். கைநீட்டினால் எதையும் பிடிப்பான். பேனாட் நரிகளின் வலப்பக்க றிசீவர். லோறென்ஸ்கூக்கில் இருந்து வரும் தமிழ்ப் பெடியன், கவிசனோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

வீட்டிலும் கவிசனுக்கு அதே கதைதான். குசினிக்கும் விறாந்தைக்கும் இடையே நடந்துகொண்டே கதைத்தான்.

"அக்கா, யூனாஸை இடப்பக்கம் விட்டால் போதும். மற்றவங்களையும் அந்தப் பக்கமாகவே ஓடவிடலாம். பேனாடாலை ஏலாது. அவன்ரை கைக்குப் பந்து போறதே இல்லை."

"போறதில்லையோ, நீ அனுப்புறதில்லையோ?"

"ரெண்டும் ஒண்டுதான்" என்றான்.

அவள் புதன்கிழமை வேலையிலிருந்து நேரத்துக்கே வந்து, ஒன்பது ஆட்டங்களிலும் எறிகளை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். கடதாசியில் மூன்று கோடு கீறி இடம், நடு, வலம் என்று எழுதிக் குறித்துக்கொண்டு போனாள். முதல் ஐந்து ஆட்டங்களில் வலப்பக்கம் முப்பத்தெட்டு எறிகள். பேனாட் அவற்றில் இருபத்திரண்டைப் பிடித்திருந்தான். கடைசி நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து வலப்பக்கம் போனவை நான்கே நான்கு. ஒன்றும் அவன் கைக்கு எட்டவில்லை. எல்லாம் ஆளை விட்டுத் தள்ளித்தான் விழுந்தன.

பிழையாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பப் போட்டுப் பார்த்தாள். இந்த முறை பந்தை விட்டுவிட்டு பேனாடை மட்டும் பார்த்தாள். அவன் ஓடினான். மறிக்க நின்ற எதிரணிக்காரனை ஏமாற்றித் திரும்பினான். பக்கத்தில் ஒருவருமில்லாமல் தனியே நின்று கையைத் தூக்கினான். பந்து வேறு பக்கம் போனது. அடுத்த முறையும் ஓடினான், கையைத் தூக்கினான். கடைசி ஆட்டத்தில் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டான்.

ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் என்ன நடந்ததென்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஓகஸ்ட் மாதம். வலப்பக்கத்தால் வந்த ஒருவன் கவிசனின் தலையில் தோளால் இடித்தான். அவன் விழுந்து, கொஞ்சம் பொறுத்து எழும்பினான். "எழும்பிட்டான், எழும்பிட்டான்" என்று அவளுடைய குரலே ஒளிநாடாவில் கேட்டது. அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது தாய் புஷ்பமலர் வலப்பக்கமாகச் சொதிக் கிண்ணத்தை நீட்டினா. கவிசன் கையைத் திருப்பியபோது கிண்ணம் தட்டுப்பட்டு மேசையெல்லாம் சொதி.

"கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்?" என்றா தாய்.

அவன் சிரித்துக்கொண்டு துடைத்தான். யதுர்ஷா கதிரைகளைப் பார்த்தாள். அவன் இந்தக் குளிர் மாரிகாலம் முழுவதும் மேசையில் சுவர் வலப்பக்கம் இருக்கும்படியாகவே உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு அந்தக் கதிரையில் தகப்பன் இருந்துவிட்டார்.

மறுநாள் வேலையில் ஒரே சந்தியை மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் மூன்று கணக்கு வந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து இருந்தாள், திரும்ப எழும்பினாள்.

பின்னேரம் லோறென்ஸ்கூக்கில் உள்ளரங்கப் பயிற்சி. கவிசனை ஏற்றிக்கொண்டு போய்க் கார்த் தரிப்பிடத்தில் நிறுத்தினாள். "இரு, பின்னாலை பையை எடுக்கிறன்" என்று சொல்லி இறங்கினாள். பையை எடுக்கவில்லை. காரைச் சுற்றிப் போய் அவனுடைய பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். அவன் நேரே பார்த்தபடி முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. இரண்டு கையையும் ஆட்டினாள். அவன் தாளத்தை விடவில்லை. கண்ணாடியில் தட்டியபோது தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

அவள் திரும்பி வந்து தன் இருக்கையில் இருந்து கதவைச் சாத்தினாள்.

"எவ்வளவு நாளாய்?"

"என்ன எவ்வளவு நாளாய்?"

"கவி, நான் அங்கை நிண்டு கையை ஆட்டினனான். ஒரு நிமிசம் நிண்டனான்."

அவன் கையுறையை எடுத்துப் போட்டான், கழற்றினான், திரும்பப் போட்டான்.

"முதல் ஒரு சின்ன நிழல்தான் இருந்தது" என்றான் பிறகு. "போயிடும் எண்டு நினைச்சன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளுக்கு வருது. இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாலும் ஆக்கள் தண்ணிக்குள்ளை நிக்கிற மாதிரி இருக்கு. எவ்வளவு தூரத்திலை நிக்கிறான் எண்டு பிடிபடுறேல்லை."

"ஏன்ரா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் டொக்டர் பாப்பார். பாத்தால் என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும்." குரல் இறங்கியது. "அக்கா, சனிக்கிழமை யூனாஸ் வரட்டும். எல்லாரும் இடப்பக்கம் ஓடினால் நான் சமாளிப்பன். இந்த ஒரு வருசம் மட்டும். பிறகு நானே சொல்லுறன்."

"அப்ப பேனாட்?"

"அவனுக்கு வேறை கழகம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

யதுர்ஷாவுக்கு அரங்கில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கமராவை வாங்கில் வைத்துவிட்டுக் கோட்டோரமாக நடந்தாள். தண்ணீர் குடிக்க வந்த பேனாட் அவளைக் கண்டு நின்றான். போன வருடத்தைவிட மெலிந்திருந்தான்.

"யது அக்கா, ஒண்டு கேக்கவோ? நீங்கள்தானே வீடியோ எல்லாம் பாக்கிறனீங்கள். நான் எங்கை பிழைவிடுறன்?"

"நீ பிழைவிடேல்லை."

"இல்லை, சும்மா சொல்லாதேங்கோ. மாரி முழுக்க நான் தனிய ஓடிப் பழகினனான். தங்கச்சி இமெல்டாவை எறியச் சொல்லிப் பிடிச்சுப் பழகினனான். அவளுக்கே அலுத்துப்போச்சு." அவன் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "பிழை இல்லையெண்டால் அவன் ஏன் எனக்கு எறியிறான் இல்லை? நான் அவனுக்கு ஏதும் செய்தனானோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், ஒண்டும் தெரியேல்லை."

அவளுக்கு வாய்வரை வந்தது. தம்பியின் கண்ணைப் பற்றித் தம்பி தானே சொல்வதற்கு முன்னால் வேறொருவனுக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் பொறு பேனாட்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் அந்தப் பதிலை ஏற்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

அவள் வெளியே போய், ஆஸ்பத்திரியின் கண் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் பேசிய தாதி இரண்டு கேள்விதான் கேட்டார். நிழல் நகர்கிறதா, எப்போதிலிருந்து. பதிலைக் கேட்டதும், "நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே கூட்டிவாருங்கள்" என்றார்.

பயிற்சி முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முடிந்ததும் கவிசன் வேர்வையோடு காரில் ஏறினான். ரொம்மனுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் அவள் திரும்பவில்லை. நகரப்பக்கம் போனாள்.

"எங்கை போறாய்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"காரை நிப்பாட்டு."

அவள் நிறுத்தவில்லை. அவன் சத்தம் போட்டான். நீ ஆர் எனக்கு என்றான். உனக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும், நீ வெறும் எண்ணுறவள் என்றான். சிவப்பு விளக்கில் கதவுப் பிடியில் கைவைத்தான்.

"இறங்கு" என்றாள் அவள். "இறங்கினால் நான் டெர்யேக்கும் அப்பாவுக்கும் போன் எடுப்பன். இருந்தால் டொக்டருக்கு மட்டும் தெரியும். அதுக்குப் பிறகு நீயே பாத்துக்கொள்."

விளக்குப் பச்சையானது. அவன் இறங்கவில்லை.

டொக்டர் வலக்கண்ணுக்கு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணின் உட்படலமான விழித்திரை பின்சுவரிலிருந்து கழன்றிருக்கிறது, இடிபட்ட நாளிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே வந்திருக்கிறது என்றார். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருந்தது. இன்னும் சில கிழமை விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"சத்திரசிகிச்சைக்குப் பிறகு விளையாடலாமா?" என்று கேட்டான் கவிசன்.

"நீந்தலாம், ஓடலாம். தலையில் அடிபடுகிற விளையாட்டு இனி வேண்டாம்" என்றார் டொக்டர். அதைச் சொல்லும்போது அவர் கவிசனை நேராகப் பார்த்தே சொன்னார்.

சனிக்கிழமை காலை சத்திரசிகிச்சை. தாயும் தகப்பன் இரத்தினவேலும் கீழே பிரார்த்தனை அறையில் இருந்தார்கள். கவிசனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதற்குச் சற்று முன்னால், தெரிவுக் கூட்டத்திலிருந்து டெர்யே தொலைபேசி எடுத்தார். காலையில்தான் யதுர்ஷா விசயத்தை அவருக்குச் சொல்லியிருந்தாள். சொல்லலாம் என்று கவிசன் தலையசைத்திருந்தான், அவ்வளவுதான்.

"பத்து நிமிடத்தில் முதல் தெரிவு. யூனாஸா? மூடப்பட்ட கழகத்தின் குவாட்டர்பாக் மாத்தியாஸும் பட்டியலில் இருக்கிறான். உங்கள் எண்ணிக்கை என்ன சொல்கிறது?"

கவிசன் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வெளியே போய்க் கதைத்திருக்கலாம். போகவில்லை.

"றிசீவர் தேவையில்லை" என்றாள். "வலப்பக்கம் பேனாட் எந்நேரமும் காலியாகத்தான் நின்றான். எறிகிறதுக்குத்தான் ஆள் வேண்டும். மாத்தியாஸை எடுங்கள்."

தொலைபேசியை வைத்தபோது கவிசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். தாதிமார் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பேனாட் வந்தான். கண்ணில் கட்டோடு இருந்தவனின் வலப்பக்கத்தில் கதிரையைப் போடப்போய், யோசித்துவிட்டு இடப்பக்கம் கொண்டுவந்து போட்டான். டெர்யே சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

"நீ நல்லாத்தான் ஓடினனீ" என்றான் கவிசன். "நான்தான் உன்னைக் காணேல்லை."

பேனாட் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தான்.

"கண் தெரியேல்லை எண்டது உன்ரை பிழை இல்லை. ஆனால் நான் சரியில்லை எண்டு டெர்யேக்குச் சொன்னனீ. ஏழு மாசம், கவி. ஒருக்கால் சொல்லியிருந்தால் நான் இடப்பக்கம் வந்து ஓடியிருப்பன்."

பேனாட் தான் கொண்டுவந்த முந்திரிகைப் பழப் பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். யதுர்ஷா அவனோடு மின்தூக்கிவரை போனாள். "வியாழக்கிழமை நீங்களும் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான். "ஓம்" என்றாள் அவள்.

கண் தப்பியது. ஓரத்து நிழல் ஒரு பங்கு குறைந்தது, மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. கவிசன் படிப்பைத் திரும்பத் தொடங்கினான். தாயோடு கதைத்தான், தகப்பனோடு கதைத்தான். அக்காவோடு மட்டும் கதைக்கவில்லை. அவள் வந்தால் அறைக்குள் போவான். அவள் செய்தது சரி என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு அதில் ஆறுதல் வரவில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் விளையாட்டுக்குப் போய்ப் படம்பிடித்தாள். மாத்தியாஸ் எறிந்தான், பேனாட் பிடித்தான். நரிகள் இரண்டில் வென்று ஒன்றில் தோற்றார்கள். வீட்டில் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காரை எடுக்கும்போது கவிசன் வந்து முன் இருக்கையில் ஏறினான்.

"இண்டைக்கு எங்கை விளையாட்டு?"

"லில்லெஸ்ட்ரோமிலை, அந்த மூடின கழகத்தின்ரை மைதானத்திலை."

"ம்."

வழியில் அவ்வளவுதான் பேச்சு. மைதானத்தில் அவனால் ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. கோட்டோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். மாத்தியாஸ் பந்தை எடுத்துப் பின்வாங்கும்போதெல்லாம் இவனுடைய வலத்தோள் தானாக அசைந்தது. ஒருமுறை யாருக்கோ கையைக் காட்டி ஏதோ சொல்லப்போய் வாயை மூடிக்கொண்டான். யதுர்ஷா கமராவுக்குள்ளால் பந்தைப் பார்ப்பதா தம்பியைப் பார்ப்பதா என்று தடுமாறினாள். சில எறிகள் படத்தில் விழவில்லை.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் பேனாட் வலப்பக்க ஓரத்தால் ஓடி ஒரு நீண்ட பந்தைப் பிடித்து, பக்கக்கோட்டைத் தாண்டி, கவிசனுக்கு முன்னாலேயே வந்து விழுந்தான். எழும்பித் தலைக்கவசத்தைக் கழற்றினான். மூச்சு வாங்கியது. மார்ச்சுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பது அன்றுதான்.

"தண்ணி இருக்கோ?" என்று கேட்டான் பேனாட்.

கவிசன் சுற்றுமுற்றும் பார்த்தான். வாங்கின் கீழே கிடந்த போத்தலை எடுத்துக் கொடுத்தான். பேனாட் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மாத்தியாஸ் கொஞ்சம் பிந்தி எறியிறான்" என்றான் கவிசன். "நீ ரெண்டு அடி குறைச்சு ஓடு."

"அப்பிடியோ? பாப்பம்" என்று சொல்லிவிட்டு பேனாட் உள்ளே ஓடினான். கவிசன் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பவும் நடக்கத் தொடங்கினான்.