மண்டித் தெரு வழியாக

புருஷனின் பாடையைத் தோளில் ஏற்றியவர்கள் மண்டித் தெருவுக்குப் போகாமல் காவாய்ப் பக்கம் திரும்பியபோதுதான் சொக்கம்மாளுக்கு விஷயம் விளங்கியது. மாரில் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யோவ், நில்லுங்கய்யா! எங்க போறீங்க?"

யாரும் நிற்கவில்லை. முன்னால் போன கொழுந்தன் சின்னப்பையன் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இவன்தான் ஏதோ செய்திருக்கிறான். சொக்கம்மாள் எழுந்து ஓடினாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, பொம்பளைங்க முக்கு தாண்டக் கூடாது. வேணாங்க்கா."

"வுட்றி!"

உதறிக்கொண்டு போய்ப் பாடைக்கு முன்னால் குறுக்கே நின்றாள். தூக்கியிருந்த மில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோச்சுக்காத அண்ணி," என்றான் சின்னப்பையன். "காலையில மரமண்டி லட்சுமணன் ஆளு அனுப்பினாரு. பசங்க போறத பொறுத்துகினு கீறோம், பொணம் வரக் கூடாதுன்ட்டாரு. வந்தா நாளைலேர்ந்து பசங்களையும் வுடமாட்டாங்களாம். அண்ணன் பட்ட பாடெல்லாம் வீணாப்பூடும். அத்தொட்டுதான் நான் சரின்ட்டேன்."

"யாரைக் கேட்டு சரின்ட்ட? அந்த வழியில இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாமல் என்ன? காவாயிலிருந்து புஷ்பவல்லியைத் தூக்கி வந்தவனே அவன்தானே.

பள்ளிக்கூடம் மண்டித் தெருவுக்கு அந்தப் பக்கம். குடிசைப் பிள்ளைகள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. காவாய்க் கரையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள், அதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் கிருஷ்ணப்பன் வாத்தியாரின் ஒரே மகள் புஷ்பவல்லி அந்தக் கரையில் வழுக்கி விழுந்தாள். சிலேட்டு நனையக் கூடாதென்று இரண்டு கையாலும் மாரோடு அணைத்துக்கொண்டு போயிருக்கிறாள். எதையும் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை மிச்சமில்லை.

காரியம் முடிந்த மறுநாளே வாத்தியார் பிள்ளைகளை இரண்டிரண்டாக நிறுத்தி மண்டித் தெருவுக்குள் நடத்திக்கொண்டு போனார். வருவது தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா, அதனால் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னார். கல் விழுந்தது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் போனார். கல் எறிந்தவர்களுக்குத்தான் கை சலித்தது. பிறகு பிள்ளைகள் போனதும் சாணித் தண்ணீர் கொட்டித் தெருவைக் கழுவுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கும் வாத்தியார் சிரிப்பார். "நமக்காகத் தெருவைக் குளிர வைக்கிறாங்கப்பா," என்பார்.

மார்ச்சளி கட்டிப் படுத்துவிட்ட பிறகும், பார்க்க வந்த பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றுதான். "காவாய்ப் பக்கம் போகலியே?"

அந்த மனுஷனைக் காவாய் வழியாகத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்.

"எம் பொண்ணு பூட்ட வழியில அவ அப்பனையும் இஸ்துகினு போவணுமா? உங்களுக்கெல்லாம் வெக்கமாயில்ல?"

"பசங்கள நெனச்சுப் பாரு அண்ணி," என்றான் சின்னப்பையன். அவன் குரல் உடைந்துவிட்டது. "நமக்கு இது ஒருநாளு. அதுங்களுக்குத் தெனமும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் சொக்கம்மாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. லட்சுமணன் மேல் கோபம், இவன் மேல் கோபம், எல்லாவற்றையும் இழுத்துவிட்டுவிட்டுக் கால்களை நீட்டிப் படுத்திருக்கிற அந்த மனுஷன் மேலும் கோபம். சுவரோரமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"டேய், வாங்கடா. ரெண்டு ரெண்டா நில்லுங்க."

நின்றார்கள். நின்றுவிட்டு, பழக்கத்தில், முன்னால் யார் என்று பார்த்தார்கள். சொக்கம்மாள் போய் முன்னால் நின்றாள். பாடையும் அவர்கள் பின்னால் மண்டித் தெருப் பக்கம் திரும்பியது.

மண்டித் தெரு முனையில் லட்சுமணன் நாலைந்து ஆட்களோடு வழிமறித்து நின்றிருந்தார்.

"ஏம்மே, சொல்லி அனுப்பினேனே, காதுல வுழல?"

"வுழுந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போறோம்."

"இன்னா நக்கலா?"

"இன்னா நக்கலு? பசங்க வர்றாங்க, வாத்தியாரு வர்றாரு. தெனமும் வர்றவங்கதான?"

"இன்னிக்கு இது உள்ள வந்துச்சுன்னா நாளைக்கு ஒரு புள்ள இங்க கால வெக்காது. பாத்துக்கோ."

"நாளைக்கு நான் இட்டுகினு வருவேன். கல்லு பொறுக்கணும்னா இப்பவே பொறுக்கி வெச்சுக்கோ. அவரு கண்ணாடிக்காரரு, ஒடஞ்சதும் தடுமாறிட்டாரு. எனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

பின்னால் ஒரு பெண் பிள்ளை ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சொக்கம்மாள் நடந்தாள். லட்சுமணன் கையை ஓங்கினார். ஆனால் பிள்ளைகளை ஒட்டியே பாடை வந்தது. ஓரம் அவர் தோளில் இடிக்கிற மாதிரி வந்தது. சாவுத் தீட்டு, அதுவும் குடிசைக்காரன் சாவு. பட்டுவிட்டால்? அவர் துள்ளி ஒதுங்கினார். அவருடைய ஆட்களும் ஒதுங்கினார்கள். தெரு முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன.

மூலக்கொத்தளம் இடுகாடுவரை அவள் போனாள். புஷ்பவல்லி பக்கத்திலேயே குழி தோண்டியிருந்தார்கள். மண் தள்ளும்போதுகூட அவள் அழவில்லை.

அன்று மாலை முழுக்க மண்டித் தெருவில் தண்ணீர் கொட்டினார்களாம். கோவிந்தம்மா வந்து சொன்னாள்.

மறுநாள் காலை மில் சங்கு ஊதியதும் சொக்கம்மாள் கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"கருமாதி ஆவாம வாசப்படி தாண்டக் கூடாதுக்கா. ஊரு இன்னா பேசும்?" என்றாள் கோவிந்தம்மா.

"பேசட்டும்டி. ஊருக்கு வேற இன்னா வேல?"

பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்களை வீட்டில் அனுப்பவில்லை. தெரு முனையில் லட்சுமணனின் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெரு இன்னும் காயவில்லை. சாணிச் சேறு வழவழவென்று கிடந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற சின்னப் பெண், சிலேட்டை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துக்கொண்டு, சேற்றைப் பார்த்துத் தயங்கினாள்.

"சிலேட்ட எங்கிட்ட குடு," என்றாள் சொக்கம்மாள். "வழுக்கும். என் கையப் புடிச்சுக்கோ."